கல்ஓயா – திருகோணமலைப் பாதை: மா ரயிலா, பகல் பயணிகள் ரயிலா?

உவர்மலை:
கல்ஓயாச் சந்தியிலிருந்து திருமலை (திருகோணமலை) வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஒற்றைப் பாதை. 1927இல் திறந்தது. வழமையாக அதில் ஓடுறது கொழும்பு இரவு மெயில், கல்ஓயா இணைப்பு வண்டி, சீனன்குடா ஆலையில் கோதுமை மா ஏற்றுற கூட்ஸ் (சரக்கு ரயில்). என் வாதம் இதுதான்: கூட்ஸுக்குப் போற எஞ்சினையும் ஆக்களையும் எடுத்து, காலையில் வெளிக்கிட்டுப் பின்னேரத்துக்குள்ள கொழும்பு சேருற ஒரு பகல் ரயிலுக்குக் குடுங்கோ. மாவை லொறி கொண்டுபோகும். கிளினிக்குக்குப் போற வயது போன மனிசர் இரவு முழுக்க இருந்தபடி பயணம் செய்ய வேண்டியிருக்கு. அதோட, பாரமான கூட்ஸ் ஓடி ஓடித்தான் தண்டவாளம் பழுதாகுது.

லயின்_கிளியர்:
கடைசி வசனத்தில் கணக்குப் பிழை. நாலு அச்சுள்ள மூடிய பெட்டி ஒன்றின் சொந்த எடை 15 தொன், அதில் 25 தொன் மா என்று வையுங்கோ. மொத்தம் 40 தொன், அச்சுக்கு 10. இழுக்கிற ஆறு அச்சு டீசல் எஞ்சின் 100 தொன் அளவில் நிற்கும், அச்சுக்கு 16க்கு மேல. தண்டவாளத்துக்குக் கூடின அடி எஞ்சினால்தான், அது மெயிலுக்கு முன்னால பூட்டினாலும் அதே அடிதான்.

கூட்ஸ் கெடுதல் செய்யிறது வேற வழியால். பிரேக் இறுகிச் சில்லு சுத்தாமல் இழுபட்டால், சில்லில் ஒரு பக்கம் தட்டையாகத் தேயும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தத் தட்டை தண்டவாளத்தில் சம்மட்டி மாதிரி விழும். முதலில் அடி வாங்கிறது தண்டவாள மூட்டு. இரண்டு முனையையும் சேர்த்துப் பிடிக்கிற பிஷ் பிளேட் தகட்டின் போல்ட் தளரும், தண்டவாள முனை தாழும், போல்ட் ஓட்டையிலிருந்து வெடிப்பு ஓடும். கீழே சிலிப்பர் கட்டை ஆடி, மாரி காலத்தில் கல்லுக்குள்ள சேறு மேல வரும். பிறகு அந்த இடத்தில் வேகத்தடை போட வேண்டி வரும். மருந்து கூட்ஸை நிறுத்துறதில்லை. வெளிக்கிட முதல் ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் விடுபடுதா என்று பார்க்கிறதும், தட்டையான சில்லுள்ள பெட்டியைத் தொடரிலிருந்து கழட்டுறதும்தான்.

ஏ6:
லொறிப் பக்கம் நான் பேசுறன். ரயிலில் மா போறதுக்கு மூட்டை மூன்று தரம் தோளில் ஏறும்: ஆலையிலிருந்து பெட்டிக்கு, கொழும்பில் பெட்டியிலிருந்து லொறிக்கு, லொறியிலிருந்து கடைக்கு. லொறியில் இரண்டு தரம். 20 பெட்டி, பெட்டிக்கு 50 கிலோ மூட்டை 500 என்றால் 10,000 மூட்டை. ஒரு கூடுதல் ஏற்றி இறக்கலுக்கு, மூட்டை தூக்குற நாட்டாமைக்குக் கூலி எவ்வளவு என்று யோசியுங்கோ. கிழியிற மூட்டை தனி நட்டம். பழைய பெட்டியின் தரைப் பலகையில் ஆணித்தலை மேல வந்து நிற்கும், கதவு நேராக மூடாது, கூரைத் தகட்டில் பொருத்து விட்டிருக்கும். மார்கழி மழையில் ஒரு ஒழுக்குப் போதும், கீழ் அடுக்கு கட்டிபட்டுப்போகும். லொறிக்காரன் படங்கு இழுத்துக் கட்டினால் காரியம் முடிஞ்சுது.

தம்பலகாமத்தான்:
ஏ6, நீங்கள் சொல்லுற ஒழுக்கும் ஆணியும் பராமரிப்புப் பிரச்சினை. ஏற்ற முதல் பெட்டிக்குள்ள ஆள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மேல பார்த்தால், வெளிச்சம் தெரியிற இடம்தான் மழை வாற இடம். தரையைக் கூட்டிப் பொலித்தீன் விரித்தால் ஆணியும் ஈரமும் பாதிக்கு மேல அடங்கும்.

உண்மையான இழப்பு பெட்டி சுத்தி வர எடுக்கிற நாட்களில்தான் இருக்கு. சீனன்குடாவில் ஏற்ற 1 நாள், ஓட 1 நாள், கொழும்பில் இறக்க இடம் கிடைக்கக் காத்து நின்று இறக்க 3 நாள், வெறும் பெட்டி திரும்பி வர 1 நாள். மொத்தம் 6. மாதம் 5 நடை, நடைக்கு 500 தொன்னாக 2,500 தொன். கொழும்பில் காத்து நிற்காமல் 1 நாளில் இறக்கினால் சுற்று 4 நாள், மாதம் 7 நடை, 3,500 தொன். ஒரு புதுப் பெட்டியும் வாங்காமல் 1,000 தொன் கூடுது. 20 தொன் லொறி என்றால் 50 லொறி. ரயில் சரக்கு தோற்கிறது பாதையில் இல்லை, இறக்குற முற்றத்தில்.

ஏ6:
திரும்பி வரும்போது வெறுமையாகத்தானே வரும்? லொறிக்காரன் கொழும்பில் இருந்து கடைச் சாமான் ஏற்றிக்கொண்டு வருவான்.

தம்பலகாமத்தான்:
அது சரியான அடி. கந்தளாய், பொலநறுவைப் பக்கத்து அரிசியும் மா போற திசைக்குத்தான் போகும், அதால் திரும்பு பாரம் கிடைக்காது. பெரும்போகத்துக்குப் பசளை ஏற்றலாம் என்று சிலர் சொல்லுவினம். பசளை ஏற்றின பெட்டியில் பிறகு மா ஏற்ற ஏலாது, மணமும் உப்பும் பலகையில் ஊறிவிடும். பசளைக்குத் தனிப் பெட்டி ஒதுக்கினால், அது போகம் தவிர்ந்த மாதங்களில் சும்மா நிற்கும். வெறும் பெட்டிச் செலவையும் சேர்த்துத்தான் கட்டணம் போட வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கும் ரயிலில் மா அனுப்பலாம் என்ற கதையையும் விடுங்கோ. திருமலையிலிருந்து கல்ஓயா, மாகோ என்று தென்மேற்கே இறங்கி, மாகோவில் எஞ்சினைக் கழட்டி மற்றப் பக்கம் பூட்டித் திரும்ப வடக்கே ஏற வேண்டும். ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக லொறி அதைவிட நல்லாக் குறைஞ்ச தூரத்தில் போய்ச் சேரும்.

உவர்மலை:
அப்படியென்றால் கூட்ஸ் கொழும்பு ஒரு திசைக்குத்தான், அதுவும் ஒற்றைப் பாரத்தோட. அதுக்காகப் பாதையை மறிச்சு வைச்சிருக்கிறது நியாயமா?

லயின்_கிளியர்:
மறிக்கிறது கூட்ஸ் இல்லை, பூட்டிக் கிடக்கிற ஸ்டேசன்கள். டப்ளட் (டிரைவருக்குக் குடுக்கிற அனுமதி வட்டு) முறையில் இரண்டு ஸ்டேசனுக்கு இடையில் உள்ள செக்சனுக்கு ஒரு நேரத்தில் ஒரு டப்ளட்தான் வெளியில வரும். இரண்டு ஸ்டேசனிலும் டப்ளட் வைக்கிற பெட்டி மின்சாரத்தால் ஒன்றோடொன்று பூட்டுப்பட்டிருக்கு. டிரைவர் கையில் அது இல்லாமல் செக்சனுக்குள்ள போக முடியாது. இடையில் ஒரு ஸ்டேசனுக்கு ஆள் போடாமல் விட்டால் இரண்டு செக்சன் ஒன்றாகும். 30 கிலோமீட்டர் செக்சனில் கூட்ஸ் மணிக்கு 30இல் போனால் ஒரு மணித்தியாலம், எதிரில வாற வண்டி அவ்வளவு நேரமும் காத்து நிற்கும். நடுவில் உள்ள ஸ்டேசனைத் திறந்தால் காத்திருப்பு பாதி. அங்கே சந்திப்புப் பாதையின் நீளத்தையும் பார்க்க வேண்டும். தொடர் அதைவிட நீளமென்றால் இரண்டு வண்டி அங்கே விலத்த ஏலாது. 20 பெட்டிக்கு மேல பூட்ட முதல் அளந்து பார்க்க வேண்டியது அதைத்தான்.

இன்னொன்று: ஸ்டேசன் அதிபர், கடவைக் காவலர், லயின் திருத்துற ஆக்கள் எல்லாருக்கும் சம்பளம் ஒரு வண்டி ஓடினாலும் அஞ்சு ஓடினாலும் ஒன்றுதான். கூட்ஸை எடுத்தால் அந்தச் செலவு முழுக்கப் பயணிகள் தலையில் விழும். பிறகு "நட்டம்" என்று அந்த வண்டியையும் நிற்பாட்டுவினம்.

உவர்மலை:
சரி, சம்பளக் கணக்கை ஒத்துக்கொள்ளுறன். அப்ப கூட்ஸை இரவுக்குத் தள்ளுங்கோ, பகலை மனிசருக்கு விடுங்கோ.

தம்பலகாமத்தான்:
இரவில் யானை. 2024 ஒக்டோபரில் மின்னேரியாப் பக்கம் எண்ணெய் ஏற்றின ரயில் மோதி 2 யானை செத்தது, பெட்டிகளும் தடம் புரண்டது. 2025 பெப்ரவரி 20இல் ஹபரணைப் பக்கம் மட்டக்களப்புப் பாதைப் பயணிகள் ரயில் மோதி 6 யானை. திருமலை – கொழும்பு வண்டியும் கல்ஓயாவுக்கும் மாகோவுக்கும் இடையில் ஹபரணைக் காட்டுக்குள்ளாலதான் போக வேண்டும். வெற்றிட பிரேக் (குழாயில் காற்றை உறிஞ்சினால் விடுபட்டு, காற்றை உள்ளே விட்டால் பிடிக்கிற பிரேக்) உள்ள பார வண்டியில், டிரைவர் பிரேக் போட்டபிறகு அது கடைசிப் பெட்டிவரை போய்ப் பிடிக்க நேரம் எடுக்கும். வளைவில் லைட் வெளிச்சம், வண்டி நிற்க எடுக்கிற தூரத்தைவிடக் குறைவாகத்தான் எட்டும். ஆனபடியால் கூட்ஸ் பகலில் ஓடுறதுதான் சரி. இரவில் ஓடினால் காட்டுப் பகுதி முழுக்க ஊர்ந்துதான் போக வேண்டும்.

உவர்மலை:
அப்ப கூட்ஸ் பகலில் வரட்டும், அதுக்குப் பின்னால நாலு பயணிகள் பெட்டியைக் கொழுவிக் கலப்பு வண்டியாக விடுங்கோ. எஞ்சின் ஒன்று, ஆக்கள் ஒரு சோடி.

லயின்_கிளியர்:
பழைய சரக்குப் பெட்டிக்கு வெற்றிட பிரேக், புதுப் பயணிகள் பெட்டிக்குக் காற்று பிரேக். இரண்டையும் ஒரே தொடரில் பூட்டினால் பாதி வண்டிக்குப் பிரேக் இல்லை. பழைய வெற்றிடப் பயணிகள் பெட்டிதான் தேட வேண்டும். அது கிடைச்சாலும், சீனன்குடாவில் பெட்டி விலத்திப் பூட்டுற நேரம் முழுக்கச் சனம் உள்ளே வேர்த்துக்கொண்டு இருக்கும். ஒரு குழாய் மூட்டு ஒழுகிப் போதிய வெற்றிடம் ஏறாமல் நின்றால், எந்தப் பெட்டியில் என்று ஒவ்வொன்றாய்த் தேடிக் கண்டுபிடிக்கும் வரைக்கும் வண்டி அசையாது.

ஏ6:
கந்தளாய் – திருமலை 40 கிலோமீட்டருக்கு பஸ் கிடைக்குது, வீட்டு வாசலில் கை காட்டினால் நிற்கும். அந்தத் தூரத்துக்கு ஆரும் ஸ்டேசனுக்கு நடந்துபோய்க் காத்து நிற்க மாட்டினம். ரயிலுக்கு ஆள் சேருறது கொழும்புப் பயணத்துக்குத்தான்.

உவர்மலை:
அதைத்தானே கேட்கிறன்! கொழும்புக்குத் தனி ரயில் விட எஞ்சின் இல்லை என்றால், ரயில் பஸ்ஸைக் காலையில் திருமலையில் எடுத்து, மட்டக்களப்பிலிருந்து கொழும்பு போற பகல் வண்டிக்குக் கல்ஓயாவில் சேர்க்கலாம். முதுகோடு முதுகு பூட்டின இரண்டு பஸ்தானே, எஞ்சின் திருப்பத் தேவையில்லை, டீசலும் குறைவு. ஒன்று பழுதானால் மற்றது இழுத்து வரும். வேண்டியது இரண்டு விஷயம். மட்டக்களப்பு வண்டி பிந்தினால் ரயில் பஸ்ஸில் வந்த சனம் ஏறும் மட்டும் கல்ஓயாவில் ஆள் பொறுப்பாக நிற்க வேண்டும். திருமலையிலேயே கொழும்பு மட்டும் ஒரே டிக்கெட்டில் இருக்கை பதிய விட வேண்டும்.

தம்பலகாமத்தான்:
இதுக்கு நான் கை உயர்த்துறன். ஆனால் நேரத்தைப் பாருங்கோ. ரயில் பஸ் கல்ஓயா போய்ச் சேர்ந்த பிறகுதான் வெறும் கூட்ஸ் அங்கேயிருந்து திருமலைப் பக்கம் வெளிக்கிட வேண்டும். இல்லாட்டில் கந்தளாயில் விலத்த வேண்டி வரும், அங்கே ஒரு அரை மணித்தியாலம் போனால் கொழும்பு வண்டி தப்பும்.

உவர்மலை:
கூட்ஸை ஒரு மணித்தியாலம் பிந்த விடுங்கோ. மா மூட்டைக்கு இணைப்பு வண்டி பிடிக்கத் தேவையில்லை.

தம்பலகாமத்தான்:
ஒரு மணித்தியாலம் பிந்தினால் சீனன்குடாவில் ஏற்றுற ஆக்களின் ஷிப்ட் முடியும், மிச்சப் பெட்டி அடுத்த நாளைக்குப் போகும், 4 நாள் சுற்று 5 ஆகும். முதல் நாள் பின்னேரமே வெறும் பெட்டியைச் சீனன்குடாவுக்குள்ள கொண்டுவந்து விட்டால் உங்கட ரயில் பஸ்ஸும் ஓடும், ஏற்றலும் விடிய ஏழு மணிக்குத் தொடங்கும். அதுக்குப் பின்னேரம் கந்தளாய் ஸ்டேசனில் ஒரு ஷிப்ட் கூட வேணும்.