காட்டுத்தீ புகை: கீரையைச் சமைக்கலாமா, கோழிகளை என்ன பண்ண?

கேள்வி: கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா, ஒகனாகன் பள்ளத்தாக்குல இருக்கோம். காட்டுத்தீ புகையால இங்கத்த காற்றுத்தர எண் இன்னைக்கு 10-ஐத் தாண்டிடுச்சு, அதாவது மிக அதிக ஆபத்து. தண்டுக்கீரை இலையில சாம்பல் மெல்லிசா படிஞ்சிருக்கு. தொட்டா விரல்ல மாவா ஒட்டுது. சமைக்கலாமா? கோழிங்க வாயைத் திறந்துக்கிட்டு மூச்சு வாங்குதுங்க, பார்க்கவே மனசு தாங்கல.

பதில்: அக்கா, முதல்ல கோழியைப் பாருங்க. நுரையீரல் போக உடம்புக்குள்ள தனியா காற்றுப்பைகளும் இருக்கறதால புகையில இருக்கற நுண்துகள் அதுங்களைச் சீக்கிரம் பாதிக்கும். கூண்டைக் கூட்டித் தூசி கிளப்பாதீங்க. தண்ணியை அடிக்கடி மாத்துங்க. புகைக்குப் பயந்து கூண்டை இறுக்கி மூடிடாதீங்க, உள்ளே சூடும் எச்சத்துல இருந்து வர்ற அம்மோனியா வாயுவும் சேர்ந்துடும்.

பதில்: எரியறது வெறும் காடுன்னா கீரையை ரெண்டு மூணு தண்ணியில அலசிச் சமைக்கலாம். 2023-ல மேற்கு கெலோனாவில மெக்டூகல் க்ரீக் தீ வீடுகளையும் எரிச்சுதே, அந்த மாதிரி சாம்பல்னா வேண்டவே வேண்டாம். பெயிண்ட், பிளாஸ்டிக், ஈயம் எல்லாம் அதுல கலந்திருக்கும், உரக்குழியிலயும் போடாதீங்க. செடியைத் துடைக்காம ஹோஸ்ல மெல்லமா கழுவுங்க. என்-95 மாஸ்க் கட்டாயம், துணி மாஸ்க் பத்தாது.

கேட்டவர்: மலைக்காடுதான் எரியுது, அந்தப் பக்கம் வீடு இல்லை. கூண்டோட மேல் ஜன்னலைத் திறந்துட்டேன். ரொம்ப நன்றி தம்பி.