மிதவை காட்டிய வழியை நம்பி ஏமாந்தவர்கள் உண்டா?

வலைமிதவை
நீரோட்டம் போகும் வழியை அறியக் கடலில் விடும் மிதவை அது. கல்லூரியில் நாங்கள் செய்தது வழக்கமான வடிவம்தான்: நடுவில் பிவிசி குழாய், நான்கு புறமும் நீருக்கடியில் ஓட்டத்தைப் பிடிக்கும் தார்ப்பாய் இறக்கை, மேலே வலைக்குக் கட்டும் மிதவை, சிம் போட்ட ஜிபிஎஸ் கருவி. மாசியில் கடலூருக்கு வெளியே விட்டோம். நான்கு நாட்கள் வளைவே இல்லாமல் தெற்கு நோக்கி வந்த தடத்தைக் கரையோர நீரோட்டம் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம். பிறகு தரங்கம்பாடிப் பக்கத்து மீனவர் ஒருவர் அதை உரச்சாக்கில் போட்டுக் கொண்டு வந்தார். சாக்கைக் கவிழ்த்தபோது விழுந்தது மேல்மிதவையும் நைந்த நான்கு நைலான் கயிற்று நுனிகளும் மட்டுமே. "மாசி நீவாடு (நீரோட்டம்) வடக்கேதானே போகும் தம்பி, இது எப்படி இங்கே வந்தது?" என்று அவர் கேட்டது இன்றும் உறுத்துகிறது.

தரவுப்பித்தன்
உலகளாவிய மிதவைத் திட்டத்திற்கே இது நேர்ந்திருக்கிறது. அதன் மிதவைகளில் 15 மீட்டர் ஆழத்தில் தொங்கும் துளையிட்ட துணிக்குழாய் இருக்கும்வரை, நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்றிலும், நீரோட்டத்தை விட்டுக் காற்றோடு நழுவும் சறுக்கல் நொடிக்கு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது. அறுந்துவிட்டால் எட்டுக்கு மேல். துணிக்குழாய் இழுப்பதால் மிதவை எவ்வளவு நேரம் நீரில் அமிழ்கிறது என்பதை வைத்து அறுந்ததைக் கண்டுபிடித்த முறை பல மிதவைகளில் தவறியது 2011 வாக்கில் தெரியவந்து, பழைய தரவு முழுவதும் மீள ஆராயப்பட்டது. திருத்திய கோப்பைத் திறந்த அன்று, என் ஆய்வேட்டில் நான் நம்பியிருந்த மிதவையின் துணி அறுந்த தேதி ஏழு மாதம் முந்தையதாக மாறியிருந்தது. கயிற்றின் இழுவிசையை அளக்கும் உணரி இல்லாமல் யாரும் மிதவையைக் கடலில் விடக் கூடாது.

பட்டறைக்காரர்
தரவுப்பித்தன் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்த உணரியை நீர் புகாமல் பொருத்தும் செலவில் இன்னொரு மிதவையே செய்துவிடலாம். 2016இல் மெக்சிகோ வளைகுடாவில் ஏறக்குறைய ஆயிரம் மலிவு மிதவைகளை விட்டார்கள். சில கெட்டாலும் மற்றவற்றோடு ஒப்பிட்டால் அவை தனித்துத் தெரிந்துவிடும். என் மிதவைகளில் ஒன்றின் தடம் இரண்டு நாட்கள் ஒரு குப்பத்தின் தெருவில் நின்றது, அவ்வளவுதான் என் கதை. ஆனால் வலைமிதவைக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிவிசி குழாயில் துளையிட்டு நைலான் கயிற்றை நேரே கோக்காதீர்கள். துளையின் விளிம்பு ஒவ்வோர் அலைக்கும் கயிற்றை அறுக்கும். உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்து, கயிற்றுக்குச் சைக்கிள் டியூப்பை உறையாகப் போட்டு, முடிச்சைக் குழாய்க்கு வெளியே வையுங்கள். இரண்டாவது கயிறு ஒன்றைத் தளர்வாகக் கட்டி வைப்பதும் நல்லது.

வலைமிதவை
துளையில் நேரே கோத்ததுதான் உண்மை, ஐயா. உங்கள் பதிவைப் படித்த பிறகு பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். முதல் ஒன்பது மணி நேரம் மிதவை மெதுவாக வடக்கே போயிருக்கிறது. படகு கிளப்பிய அலையால் வந்த பிழை என்று அந்தப் புள்ளிகளை அப்போது நான்தான் நீக்கினேன்.