இருளர் சான்றிதழ் நிராகரிப்பு: மேல்முறையீடு யாரிடம்?

நாங்கள் இருளர், செங்கல்பட்டு மாவட்டம். பிளஸ் டூ முடித்த தங்கைக்குப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டு ஜனவரியில் இ-சேவையில் விண்ணப்பித்தோம். ஏப்ரலில் கோட்டாட்சியர் நிராகரித்துவிட்டார். விசாரணைக்கு வந்தவர் எங்கள் சிமெண்ட் வீட்டையும் தங்கையின் சுடிதாரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாம்பு பிடிக்கத் தெரியுமா?" என்றார். அப்பா செங்கல் சூளையிலேயே காலம் தள்ளியவர், எனக்கே தெரியாது. ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள், வாழ்ந்தால் இருளர் இல்லையாம்!

சித்தப்பாவின் சான்றிதழ் நகல் கொடுத்தாயிற்று. பழக்கவழக்கச் சோதனை மட்டுமே முடிவல்ல என்ற 2023 மார்ச் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் இணைத்தோம். அப்புறம் குறைதீர் கூட்டத்தில் மனு. அது சுற்றிக்கொண்டு அதே கோட்டாட்சியர் மேசைக்கே வந்தது. கல்லூரிச் சேர்க்கைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

கோட்டாட்சியரின் நிராகரிப்பு ஆணைக்கு எதிராக யாரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும்?