கூப்பிட்டால் திரும்பாத புல் டெரியர்: பிடிவாதமா, வேறு காரணமா?

கேள்வி: மஞ்சக்குப்பம், கடலூர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பஞ்சு என்ற ஆண் புல் டெரியர் இன நாய் வளர்கிறான். வயது 14 மாதம், எடை 26 கிலோ, உச்சி முதல் வால் வரை வெள்ளை. வீட்டில் என் கணவர், மாமியார், ஏழு வயது மகள், நான். மகள் பள்ளியிலிருந்து வந்ததும் அவள் காலடியிலேயே கிடப்பான். பாசத்துக்குக் குறைவே இல்லை.

ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் அவன் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இந்த இனமே அடங்காதது என்று சொல்லி ஒரு பயிற்சியாளர் இரண்டு மாதம் பிரம்போடு வந்து போனார். கடைசியில் பஞ்சு அவரைக் கண்டாலே உறும ஆரம்பித்ததால் அவரை நிறுத்திவிட்டோம். இப்போது மாலை வேளையில் தன் வாலைத் துரத்திக்கொண்டு அரை மணி நேரம் வரை சுற்றுகிறான், தின்பண்டத்தைக் காட்டினாலும் நிற்பதில்லை.

சென்ற வாரம் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவனை மகள் பின்பக்கமாகக் கட்டிப்பிடித்தாள். திடுக்கிட்டு எழுந்தவனின் பல் அவள் மணிக்கட்டில் கீறிவிட்டது. உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஊசியும் போட்டாயிற்று. அன்று முதல் மாமியார், யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார்கள். தெருவிலோ, அரசு தடை செய்த நாயை வைத்திருக்கிறீர்கள் என்கிறார்கள். இவனைத் திருத்த முடியுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: முத்தியால்பேட்டை, புதுச்சேரி

சகோதரி, தங்கள் பதிவைப் படித்ததும் ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் பட்ட பாடு அப்படியே நினைவுக்கு வந்தது. முதலில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். பஞ்சு அயர்ந்து தூங்கும்போது, அவனுக்குத் தெரியாத இடத்தில் நின்றுகொண்டு சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டக் கூடாது, காற்று அவன் மேல் படக் கூடாது. குக்கர் விசில் அடிக்கும்போது அவன் காது அசைகிறதா என்றும் பாருங்கள். எங்கள் பெண் நாய் ஐந்து விசில் வரை அசையாமல் தூங்குவாள்; ஆனால் யாராவது அரிசி மூட்டையைத் தரையில் போட்டால் மட்டும் துள்ளி எழுவாள். அவள் காதால் எழவில்லை, தரையின் அதிர்வால் எழுந்தாள் என்பது எனக்குப் புரியவே நான்கு மாதம் ஆயிற்று.

வெள்ளை புல் டெரியர்களில் பிறவிச் செவிடு, நிறமுள்ளவற்றைக் காட்டிலும் பல மடங்கு அதிகம். தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உள்காதிலும் இருந்தாக வேண்டும். அவை இல்லாதபோது, ஒலியை வாங்கும் நுண்மயிர் உயிரணுக்கள் குட்டி பிறந்த சில வாரங்களிலேயே மடிந்துவிடுகின்றன. ஒரு காது மட்டும் கேட்கும் நாய்களும் உண்டு. அவற்றுக்குக் குரல் கேட்கும், ஆனால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் விழிக்கும். அதைத்தான் பலர் திமிர் என்று நினைத்து அடிக்கிறார்கள். இது உறுதியானால், பஞ்சு இரண்டு மாதமும் காரணமே தெரியாமல் அடி வாங்கியிருக்கிறான். இதை எழுதும்போதே மனம் கனக்கிறது.

சொல்லுக்குப் பதிலாகக் கையால் பேசுங்கள். கட்டைவிரலை உயர்த்தினால் 'நல்லது', உள்ளங்கையைத் தாழ்த்தினால் 'உட்கார்', மார்பில் தட்டினால் 'வா' என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் எல்லோரும் ஒரே சைகையைத்தான் காட்ட வேண்டும். இருட்டில் அழைக்க, மொட்டை மாடி விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவோம். தூங்கும்போது எழுப்ப வேண்டுமென்றால் உடலைத் தொடாமல், மூக்கருகில் கையை நீட்டி வாசனை காட்டிய பிறகே மெல்லத் தடவ வேண்டும். எந்த நிலையிலும் சங்கிலியின்றித் தெருவில் விடாதீர்கள்; பின்னால் வரும் வண்டி அவனுக்குத் தெரியாது.

பதில் 2: நெல்லிக்குப்பம்

முன்னவர் சொன்னது சரி. நான் இருபது ஆண்டுகளாக இராஜபாளையம் நாய் வளர்ப்பவன். அந்த வெள்ளை இனத்திலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆயினும் மாமியாரின் அச்சத்தை ஒதுக்கிவிடாதீர்கள் அம்மா. 26 கிலோ எடையும் அந்தத் தாடை வலுவும் உள்ள நாய் பயத்தில் கடித்தாலும் கடி கடிதான். குழந்தையையும் நாயையும் பெரியவர் துணையின்றி ஒரே அறையில் விடக் கூடாது. நாய் தூங்குவதற்கென்று குழந்தை போகாத ஒரு மூலையை ஒதுக்குங்கள். இது முடியாத வீடு என்றால், நாயை விவரமறிந்த வேறு வீட்டுக்குக் கொடுப்பதில் தவறில்லை என்பதே என் கருத்து.

தடை பற்றி: மத்திய கால்நடைத் துறை 2024 மார்ச்சில் 23 வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தெருவில் பலரும் பிட்புல் என்ற வேறு வகை நாயையும் புல் டெரியரையும் ஒன்றாக நினைக்கிறார்கள். முட்டை வடிவத் தலையுள்ள இது, 1860களில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜேம்ஸ் ஹிங்க்ஸ் என்பவர் உருவாக்கிய தனி இனம். ஆனால் எந்த இனமானாலும், நாயால் ஆபத்து நேராதபடி உரிமையாளர் வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. உள்ளாட்சி உரிமத்தையும் ரேபிஸ் தடுப்பூசி அட்டையையும் கையோடு வைத்திருங்கள்.

பதில் 3: லாஸ்பேட்டை, புதுச்சேரி (கால்நடை மருத்துவர்)

வால் துரத்தலைப் பற்றி யாரும் எழுதாததால் இதை எழுதுகிறேன். இந்த இனத்தில் அது பல நேரம் விளையாட்டு அன்று, தானாக நிறுத்த முடியாத ஒரு மனநோயாக இருக்கலாம். சலிப்பும் அச்சமும் அதைக் கூட்டும்; சுற்றும்போது சிரிப்பதும், கைப்பேசியில் படமெடுப்பதும், அதட்டுவதும்கூட அதைக் கூட்டலாம். தின்பண்டம் காட்டியும் நிற்கவில்லை என்று தாங்கள் குறிப்பிட்டது முக்கியமான அடையாளம். பிரம்படி பட்ட பிறகு இது தொடங்கியதா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். மோப்பம் பிடித்துத் தேடும் விளையாட்டும், மாறாத நடை நேரமும் உதவும். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. அதை மருத்துவர்தான் அளவறிந்து தர வேண்டும், கடையில் தாங்களாக வாங்கிவிடாதீர்கள். வலிப்பு, தோல் அரிப்பு, ஆசனவாய்ச் சுரப்பிகளின் தொல்லை ஆகியவை இல்லை என்று உறுதி செய்த பின்பே சிகிச்சை தொடங்கும். குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் தாங்கள் விசாரிக்கலாம். செவித்திறனை உறுதியாக அறிய, தலையில் மின்முனை பொருத்தி மூளைத்தண்டின் எதிர்வினையை அளக்கும் சோதனை உண்டு.

மற்றொன்று. இந்த இனத்தில் பரம்பரைச் சிறுநீரக நோய் இருப்பதால் ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரில் புரதம் பார்ப்பது நல்லது. வெள்ளைத் தோலும் குட்டை முடியும் உள்ளதால் நம் கடற்கரை வெயிலில் காது நுனியும் அடிவயிறும் வெந்து சிவக்கும். பல ஆண்டு தொடர்ந்தால் புற்றுநோயாகவும் மாறலாம். காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: மஞ்சக்குப்பம்

மூவருக்கும் நன்றி. நேற்று மதியம் சாவிக்கொத்தைக் குலுக்கினேன், பஞ்சு அசையவில்லை. மூன்று விசில் வந்தது, அப்போதும் அசையவில்லை. என் கணவர் வாசற்படியில் ஓங்கி ஒரு மிதி மிதித்ததும் தலையைத் தூக்கினான். நான் அடுப்படியிலேயே அழுதுவிட்டேன். வால் துரத்தல், மருத்துவர் ஐயா கேட்டபடியே, பயிற்சியாளர் வந்த இரண்டாம் வாரத்தில்தான் தொடங்கியது.

திங்கட்கிழமை குரும்பாபேட் போகிறோம். மாடிப்படிக்குக் கீழே அவனுக்குப் படுக்கை போட்டு, மகள் எட்டாதபடி மரப்பலகை அடைத்திருக்கிறோம். மாமியார் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் இன்று காலை சோறு வைக்கும்போது அவர்களே அவன் முன்னால் குனிந்து உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார்கள். மூன்றாம் முறை உட்கார்ந்தான்.