கலைச்சொல் தேவை: பனியால் அலுவலகம் மூடிய நாளில் பார்க்கும் வேலைக்கு

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

அமெரிக்க ஒன்றிய அரசு ஊழியர்களின் பனிநாள் விதிகளைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தியிலேயே வண்டி நின்றுவிட்டது. வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கும் டெலிவொர்க்குக்குத் தமிழில் என்ன போடுவது?

வீட்டுவேலை என்று எழுதினால் பாத்திரம் தேய்ப்பது. வீட்டுப்பணி என்றால் கொஞ்சம் மரியாதையாகப் பாத்திரம் தேய்ப்பது. தொலைப்பணி என்று சிலர் எழுதுகிறார்கள். என் காதில் அது தொலைந்துபோன பணி என்றே விழுகிறது. மாற்றிடப்பணி என்று ஒன்று யோசித்தேன். திருப்தி இல்லை.

அதைவிடப் பெரிய தலைவலி 'மூடல்'. 2025 ஜனவரியில் ஒரே வாரத்தில் வாஷிங்டன் வட்டார அரசு அலுவலகங்கள் இரண்டு வெவ்வேறு காரணங்களுக்காக மூடின. 6ஆம் தேதி திங்கட்கிழமை பனிப்பொழிவு. 9ஆம் தேதி வியாழக்கிழமை மறைந்த முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கான தேசியத் துக்க நாள். மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். திங்கட்கிழமை காலை நான் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் மண்வெட்டியோடு தன் காரைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"ஆபீஸ் மூடியாச்சுன்னு போன்ல வந்துச்சுன்ன? அப்புறம் என்ன இது?"

"மூடினது கட்டடத்தைத்தாம்மா, வேலையை இல்ல."

வியாழக்கிழமை வேலைக்கே விடுமுறை, நான் லேப்டாப்பைத் தொடவில்லை. "இன்னைக்குக் கட்டடம் திறந்திருக்கா?" என்று அம்மா கேட்டார்.

விதி இதுதான். 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பனி, வெள்ளம் போன்ற நாட்களுக்கென்று ஒரு தனி விடுப்பை உண்டாக்கியது. அதற்கான விரிவான விதிகளை ஓபிஎம் எனப்படும் பணியாளர் நிர்வாக அலுவலகம் 2018இல் கொண்டுவந்தது. அலுவலகத்துக்கு வந்தால்தான் வேலை பார்க்க முடியும் என்பவருக்கு அந்த விடுப்பு உண்டு. டெலிவொர்க்குக்குக் கையெழுத்துப் போட்டவருக்குப் பொதுவாகக் கிடையாது: வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் தன் கணக்கிலிருந்து விடுப்பு எடுக்க வேண்டும். வீட்டிலும் மின்சாரம் போய்விட்டால் விலக்கு தரலாம். பனி வரும் என்று முன்கூட்டி ஊகித்திருக்கவே முடியாது, அதனால் கருவியை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை என்றாலும் தரலாம்.

அந்தக் கடைசி வரியில் நானே ஒருமுறை மாட்டினேன். லேப்டாப்பை அலுவலக இழுப்பறையில் விட்டுவிட்டு வந்தேன், இரவோடு இரவாகப் பனி கொட்டிவிட்டது. மேலாளரிடம் சொன்னேன். "முந்தின இரண்டு நாளும் டிவியில் இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்கள்?" என்றார். ஒரு நாள் விடுப்பு கழிந்தது. இந்த வேறுபாடு தமிழில் ஒரே பார்வையில் விளங்க வேண்டும். உதவுங்கள்.

மேரிலாந்திலிருந்து

* * *

அன்புள்ள அம்மா,

தலைமைச் செயலகத்தில் முப்பது வருஷம் கோப்பு பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

> மாற்றிடப்பணி என்று ஒன்று யோசித்தேன்.

வேண்டாம். மாற்றுப்பணி என்றால் தமிழ்நாட்டு அரசு ஊழியர் காதில் வேறு அலுவலகத்துக்குத் தற்காலிகமாக அனுப்புவது. அயற்பணி என்ற சொல்லையும் ஏற்கெனவே வேறு பொருளுக்கு எடுத்தாகிவிட்டது. 'பணியிடம்' என்று வேலை பார்க்கும் இடத்தைச் சொல்லப் போகிறீர்கள் என்றால் அதிலும் கவனம். காலிப்பணியிடம் நிரப்பும் ஊரில் அதற்குப் பதவி என்றுதான் பொருள். அப்படியே டெலிவொர்க் ஒப்பந்தம் என்றும் எழுதிவிடாதீர்கள். ஒப்பந்தம் என்று கண்டதும் படிக்கிறவர் ஒப்பந்த ஊழியரை நினைப்பார், நிரந்தர ஊழியர் பாவம். உடன்பாடு போதும்.

தொலைப்பணியே இருக்கட்டும். தொலைபேசி வந்தபோது பேச்சு தொலைந்துவிடும் என்று யாரும் பயப்படவில்லையே. நூறு தடவை எழுதினால் காது பழகிவிடும்.

பனிநாள் விடுப்பு என்று வைத்தால் வெள்ளமும் தீயும் விட்டுப்போகும். வானிலை பாதுகாப்பு விடுப்பு என்று சொல்லுக்குச் சொல் போட்டால், வானிலையை யார் பாதுகாக்கிறார்கள் என்று படிக்கிறவர் கேட்பார். பேரிடர் என்ற சொல் மக்களிடம் நன்றாக இறங்கியிருக்கிறது. அதிலிருந்து 'இடர் விடுப்பு' என்று எடுக்கலாம். தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, ஈடுசெய் விடுப்பு என்ற வரிசையில் சிரமமில்லாமல் உட்காரும்.

அலுவலகம் திறந்திருக்கும்போதே ஊழியர் தானாக வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்றும் சில நாள் அறிவிப்பார்களாமே, அதற்குத் 'தற்செயல் தொலைப்பணி' என்று வைக்கலாம்.

எங்கள் ஊர்க் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். சென்னை உள்ளிட்ட நான்கு மாவட்டங்களுக்கு அரசு பொது விடுமுறை விட்டது. தனியார் நிறுவனங்களை வீட்டிலிருந்து வேலை வாங்கச் சொன்னது. அரசு ஊழியருக்கு லீவு, ஐடி பையனுக்கு லேப்டாப். உங்கள் ஊரில் அரசு ஊழியரே அந்த ஐடி பையன். ஆகவே பனி மூடலுக்கு 'விடுமுறை' என்ற சொல் கட்டுரையில் தலைகாட்டவே கூடாது.

சென்னையிலிருந்து

* * *

வணக்கம் அக்கா, ஐயா.

ரொறன்ரோவில் நாங்கள் இதுக்கெல்லாம் பேர் வைத்துக் கஷ்டப்படுவதில்லை, 'ஸ்நோ, வீட்டில இருந்து வேலை' என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுவோம். இருந்தாலும் இரண்டு விஷயம்.

> தற்செயல் தொலைப்பணி

எனக்கு இது தவறுதலாக வேலை செய்துவிட்டார் என்பது போலக் கிடக்கிறது. இலங்கை அரச வழக்கில் இந்த இடத்துக்கு 'அமைய' வரும், தேவைப்படும்போது மட்டும் வேலைக்கு எடுக்கும் ஆளை அமைய ஊழியர் என்பது போல. ஆனால் தமிழ்நாட்டில் அதை யாரும் விளங்கமாட்டார்கள் என்றும் தெரியும்.

மற்றது, மூடல். அடைப்பு என்று போனால் கதவடைப்பு, கடையடைப்பு என்று போராட்டமாகிவிடும். முடக்கம் என்றால் வரவுசெலவுத் திட்டம் நிறைவேறாமல் அமெரிக்க அரசு நிற்குமே, அது. அக்காவின் அம்மாவுக்குச் சொன்ன பதிலிலேயே சொல் இருக்கிறதே. மூடினது கட்டடம். 'வளாக மூடல்' என்று வைத்தால் என்ன? என்னுடைய அப்பப்பா இருந்திருந்தால் 'கந்தோர் பூட்டு' என்றிருப்பார் (கந்தோர் என்றால் அலுவலகம்), அது வேறு கதை.

* * *

ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி.

வளாக மூடலை எடுத்துக்கொண்டேன். நான் வாரக்கணக்கில் தேடியது இதுதான். பனிக்கு வளாக மூடல், கார்ட்டர் நாளுக்கு விடுமுறை.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 2010 பிப்ரவரியில் வாஷிங்டனுக்கு அருகிலுள்ள டல்லஸ் (Dulles) விமான நிலையத்தில் 32.4 அங்குலப் பனி. 8 முதல் 11 வரை நான்கு நாள் அலுவலகங்கள் திறக்கவில்லை. ஒரு நாள் மூடினால் 10 கோடி டாலர் உற்பத்தி இழப்பு என்று முதலில் கணக்குச் சொன்ன ஓபிஎம், பிறகு அதை 7.1 கோடியாகக் குறைத்தது. மூடிய நாளிலும் பலர் வீட்டிலிருந்து வேலை பார்த்திருந்தார்கள்! அந்த டிசம்பரிலேயே தொலைப்பணிச் சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்டார்.

இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்பலாம் என்று அறிவிக்கும் நாள் இன்னும் வேடிக்கை. தொலைப்பணி உடன்பாடு உள்ளவருக்கு வீட்டுக்குப் போய்ச் சேரும் நேரத்துக்கு மட்டும் இடர் விடுப்பு. நாற்பது நிமிடப் பயணம் என்றால் நாற்பது நிமிடம். மிச்ச நேரத்துக்குக் காலணியைக் கழற்றிவிட்டு மறுபடி வேலை, அல்லது சொந்த விடுப்பு. இதற்கு 'பயண நேர இடர் விடுப்பு' என்று எழுதியிருக்கிறேன், நீளம்தான்.

தற்செயலை வைத்துக்கொள்கிறேன், தம்பி மன்னிக்க வேண்டும். தற்செயல் விடுப்பு எடுத்துப் பழகியவருக்கு, மேலாளரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டு எடுப்பது என்று உடனே பிடிபடும். உங்கள் ஆட்சேபத்தைக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் பதிந்துவிட்டேன்.

இனி இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். 2025 ஜனவரி 20இல் எல்லோரும் நேரில் வந்து வேலை பார்க்க வேண்டும் என்று அதிபரின் குறிப்பாணை வந்தது உண்மைதான். ஆனால் குறிப்பாணைக்குப் பனி கட்டுப்படாது.

மாதிரி அறிவிப்பு ஒன்றை இப்படி எழுதிப் பார்த்தேன்:

"வாஷிங்டன் வட்டார ஒன்றிய அரசு அலுவலகங்களில் இன்று வளாக மூடல். தொலைப்பணி உடன்பாடு உள்ளவர்கள் வீட்டிலிருந்து பணியாற்ற வேண்டும், அல்லது சொந்த விடுப்பு எடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு இடர் விடுப்பு. ஏற்கெனவே விடுப்பில் இருப்பவர்களின் விடுப்பு மாறாது. அவசரப் பணியாளர்கள் நேரில் வர வேண்டும்."

போனில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஏற்கெனவே லீவு போட்டவனுக்கு மட்டும் ஏன் கழிக்கிறான்?" என்று கேட்டார். சொல் புரிந்துவிட்டது, விதிதான் பிடிக்கவில்லை.

ரிமோட் வேலைக்கு, அதாவது வழக்கமாக அலுவலகம் வரவே தேவையில்லாத வேலைக்கு, தனி இழை தொடங்குகிறேன். இரண்டு வாரச் சம்பளக் காலத்தில் இரண்டு நாளாவது அலுவலகம் வருகிறவரா, வராதவரா என்பதைப் பொறுத்து ஊர்வாரிச் சம்பளமே மாறும். அதைத் தொலைப்பணிக்குள் போட்டுக் குழப்ப வேண்டாம்.

மேரிலாந்திலிருந்து