பப்ளிக்கா போட்ட போட்டோவ ரிசர்ச்சுக்கு எடுத்துக்கலாமா?

கேள்வி:
ஆஸ்பத்திரி பெட்ல இருந்து நோயாளிங்க போடுற செல்ஃபிகள பத்தி தீசிஸ் எழுதிட்டு இருக்கேன். எல்லாமே பப்ளிக் அக்கவுண்ட், ஹேஷ்டேக் தேடுனா யாருக்கும் வரும். நாலஞ்சு போட்டோவ பேப்பர்லயே போடணும். கைடு "பப்ளிக் தானே, பர்மிஷன் எதுக்கு"ங்கறார். எனக்குத்தான் மனசு ஒப்பல. நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

பதில் 1:
கைடு சொல்றது சரிதான். நாலு பேர் பாக்கணும்னுதானே போட்டிருக்காங்க? ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டுட்டு இருந்தா தீசிஸ் முடிஞ்ச மாதிரிதான். கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ் (மத்தவங்களும் எடுத்துக்கலாம்னு படத்துக்கு உரிமையுள்ளவர் முன்கூட்டியே குடுக்குற அனுமதி) இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க.

பதில் 2:
லைசென்ஸ் காப்பிரைட்டுக்குத்தாங்க, படத்துல இருக்குற ஆளுக்கு இல்ல. 2019ல ஐபிஎம், ஃபிளிக்கர்ங்கற போட்டோ தளத்துல இருந்த கிரியேட்டிவ் காமன்ஸ் படங்கள்ல சுமார் 10 லட்சத்த முக அடையாள ஆராய்ச்சிக்கு டேட்டாசெட்டா குடுத்தாங்க, அதுல இருந்தவங்கள யாரும் கேக்கவே இல்லன்னு தெரிஞ்சதும் பெரிய பிரச்சனையாச்சு. அதே வருஷம் மைக்ரோசாஃப்ட் தன்னோட 1 கோடி முகப்படம் இருந்த எம்எஸ்-செலப் டேட்டாசெட்ட நெட்ல இருந்து சத்தமில்லாம தூக்கிட்டாங்க, தூக்கி என்ன பிரயோஜனம், டவுன்லோட் பண்ணவங்ககிட்ட இருக்கத்தானே செய்யும். 2016ல ஓகேக்யூபிட் டேட்டிங் தளத்துல கிட்டத்தட்ட 70,000 பேரோட விவரத்த ஆராய்ச்சின்னு வெளியிட்டப்பவும், வெளியிட்டவர்கிட்ட இருந்து உங்க கைடு சொன்ன அதே "பப்ளிக் தானே"ங்கற பதில்தான் வந்துச்சு.

பதில் 3:
ஆயிரம் படத்த மொத்தமா பாத்து என்ன மாதிரி படம் அதிகம்னு எழுதுறது வேற, ஒருத்தர் முகத்த பேப்பர்ல போடுறது வேற. முதல் விஷயத்துக்கு எதிக்ஸ் கமிட்டி பெருசா ஒண்ணும் சொல்லாது, ஆனா நீங்களா முடிவு பண்ணாம கேட்டுடுங்க. ரெண்டாவதுக்கு அந்த ஆள்கிட்ட பர்மிஷன் வாங்காம போடாதீங்க, அதுவும் நோய் விஷயம், ஆபீஸ்ல கூட சொல்லாம இருந்திருப்பாங்க. மெசேஜ் அனுப்பி பதில் வரலன்னா இல்லன்னுதான் அர்த்தம். முகத்த மட்டும் பிளர் பண்ணா போதும்னு நினைக்காதீங்க, ரிவர்ஸ் இமேஜ் சர்ச்ல (படத்த வச்சே நெட்ல தேடுறது) போட்டா ஒரிஜினல் போஸ்ட் வந்து நிக்கும், கேப்ஷன அப்படியே மேற்கோள் காட்டுனாலும் கூகுள்ல மாட்டும். குணமானதும் அவங்க போஸ்ட்ட டெலிட் பண்ணிடலாம், உங்க பேப்பர்ல இருந்து எப்படி எடுப்பாங்க?

கேள்வி கேட்டவர்:
சில படத்துல பக்கத்து பெட்ல படுத்திருக்குறவங்களும் தெரியறாங்களே?

பதில் 3:
அது வேணவே வேணாம், அவங்க எதையும் போடவே இல்லையே. அந்த மாதிரி படத்த கோட்டோவியமா வரைஞ்சு போடுங்க, இல்லன்னா வார்த்தையில விவரிச்சுடுங்க.

பதில் 1:
ஓவியம் ஐடியா நல்லாருக்கு. மத்ததுல நான் இன்னும் கைடு பக்கம்தான்.