ஒரு நாள் பூ

அழகைக் கண்டு மனம் அப்படியே வியந்து நின்ற தருணம் எது என்று கேட்டால், மலை உச்சியில் நின்று பார்த்தது, கடலில் சூரியன் இறங்கியது என்று பலரும் சொல்வார்கள். எனக்கு நடந்தது மலேசியாவின் பினாங்குத் தீவில், ஒரு பஸ் ஸ்டாப்பில்.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி படகில் அக்கரை போய், பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவள் நான். ஒன்பது வருடமாக அதே வழி. இறங்கும் இடத்தில் பெரிய மரம் ஒன்று நிற்கிறது. அது அங்சானா என்பதுகூட எனக்குத் தெரியாது. நிழல் இருக்கும், அவ்வளவுதான்.

போன வருடம் சில வாரம் கடும் வெயில், அப்புறம் நல்ல மழை. அது ஓய்ந்த பிறகு ஒரு காலையில், அலுவலகத்தில் நடந்த வாக்குவாதத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இறங்கினேன்.

"தங்கச்சி, மிதிச்சிடாதீங்க."

தெரு கூட்டும் அக்கா. குனிந்தால் தரை முழுக்க மஞ்சள். நிமிர்ந்தால் மேலேயிருந்து இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கிறது. லேசான வாசனை வேறு. சாலையோரம் எல்லாவற்றையும் கூட்டிவிட்டு, மரத்தடியில் மட்டும் ஒரு வட்டத்தை அப்படியே விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"இது ஒரு நாள் பூ. நாளைக்கு மரத்துல ஒண்ணும் இருக்காது. கூட்ட மனசு வரல. மண்டோர் வர்றதுக்குள்ள கூட்டிடுவேன், அதுவரைக்கும் கெடக்கட்டுமே." மண்டோர் என்றால் அவருடைய மேற்பார்வையாளர்.

இந்த ஒன்பது வருடத்தில் அந்த மரம் எத்தனை முறை பூத்திருக்கும்! ஒன்றுகூட என் நினைவில் இல்லை. 1999-இல் சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொல்லி ஒரு வீடியோ காட்டினார்கள். நடுவே கொரில்லா வேடத்தில் ஒருவர் நடந்து போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அவரைக் கவனிக்கவே இல்லை. நானும் ஒன்பது வருடமாக எதையோ எண்ணிக்கொண்டுதான் அந்த மரத்தைக் கடந்திருக்கிறேன்.

ஆனால் அக்காவுக்கும் தினமும் அதே தெருதானே? ஓய்வு இருந்தால்தான் அழகு கண்ணில் படும், புது இடத்துக்குப் போனால்தான் மனம் விழிக்கும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவருக்கு இரண்டும் இல்லை. அந்த மரம் எப்போது இலை கொட்டும், எப்போது பூக்கும் என்று அவர் துடைப்பத்துக்குத் தெரியும். தெரிந்த மரம் என்பதால்தான் அவர் அதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அதனால் வீட்டுக்கு வந்ததும் மரத்தைப் பற்றித் தேடினேன். அங்சானா நம் வேங்கையின் இனமாம்! பாறை மேல் உதிர்ந்து கிடந்த வேங்கைப் பூவைச் சங்கப் புலவர் புலிக்குட்டியாகப் பார்த்தது நினைவுக்கு வந்தது. பள்ளியில் படித்தபோது கொஞ்சம் மிகை என்று தோன்றிய உவமை. அன்று காலை மரத்தடியில் ஒரு கறுப்பு மைவி கார் நின்றதே, கூரையெல்லாம் மஞ்சளாக... புலவர் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார்!

மறுநாள் அக்காவிடம் இதைச் சொன்னேன். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு முழுக்கக் கேட்டார். மரம் வெறும் பச்சையாக நின்றது.

போன மாதம் மறுபடியும் பூத்தது. நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள்ளேயே அக்கா கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, சீக்கிரம் வாங்க! இன்னைக்கு மூணு குட்டி!"